நின்னதும் வாங்க

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றியது. நாளைக்குக் காலனி சமுதாயக் கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். மாசிக்கு அப்புறம் இந்த ஊருக்கு இப்போதுதான். வாங்க வேண்டியது: மறைப்புக்குத் துணி, கிளிப், டார்ச்சுக்கு பேட்டரி, தண்ணீர் கேன், பிஸ்கட். போன தடவை பிஸ்கட் பத்தாமல் நன்றாகப் பேச்சு வாங்கினேன்.

சாயங்காலம் குழாயடியில் போய்ச் சொன்னேன். வழக்கமான பாட்டுதான். “தூரமா இருக்கறவங்க நாளைக்கு வராதீங்க, ரத்தம் பட்டா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது. நின்னதும் வாங்க.”

நடவு வேலைக்குப் போகும் மல்லிகாக்கா, குடத்தை இடுப்பில் வைத்தபடி, “நிக்கலன்னா இன்னா பண்றது சிஸ்டரு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். “நிக்காம எங்க போவும்?” என்று நானும் சிரித்தேன். உத்திரமேரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஜூலை 9, புதன்

நல்ல கூட்டம். நிற்க நேரமில்லை. எங்கள் டிரஸ்ட் சார் போட்டோ எடுத்து உடனே குரூப்பில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. கால் வலி. உப்புமா ஆறிக் களியாகியிருந்தது, அப்படியே தின்றேன்.

மல்லிகாக்கா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். “அதுக்கு தூரமாம். அடுத்த தபா வர்றேன்னுச்சி.” சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே மழை. துணி காயவில்லை. மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஞாபகம். மல்லிகாக்கா போன வருடம் என்னிடமே சொன்னது: “எனக்கு அது நின்னே ரெண்டு பொங்கல் ஆவுது. பேஜார் வுட்டுது.”

நின்றுபோனவளுக்கு ஏது தூரம்?

நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் அன்றைக்கே ஓடிவாருங்கள் என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் தலைபாடாகச் சொல்லிக்கொடுத்தது. குழாயடியில் ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை. சொல்லக் கூச்சம் இல்லை, அவசரம். அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய், அவள் ஊருக்கு பஸ் பிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணில் ரத்தமே இல்லை.

“எப்போலேருந்துக்கா?”

“தைலேர்ந்தே பட்டுக்கினுதான் கீது. மாசில நீ வந்தப்போ, நின்னதும் வாங்கன்னு சொன்ன. நின்னா வரலாம்னு பாத்துக்கினு கீறேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். “அதான் அன்னிக்கி கேட்டனே. நிக்கலன்னா இன்னா பண்றதுன்னு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கிறது, என்னுடையது.

ஜூலை 14, திங்கள்

முதல் பஸ். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் மல்லிகாக்கா தூங்கினாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் நான் பழைய துண்டு விரித்த பிறகே உட்கார்ந்தாள், கறை படுமாம்.

சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர வேண்டும். ஆனால் டாக்டரம்மா பார்த்துவிட்டு வந்து, கையுறையைக் கழற்றிப் போட்டார். பிறகு, “முன்னாடியே வந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “ஏம்மா, உங்க ஊர்ப் பக்கம் முகாமே வரலையா?”

மல்லிகாக்கா என் பக்கம் திரும்பவில்லை. “வந்துது டாக்டரம்மா. சிஸ்டரு வந்து கூப்ட்டாங்க. நான்தான் போவல.”

டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார். நான் மல்லிகாக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.