எனக்குச் சொந்தமில்லாத எலிகள் குறித்து

அனுப்புநர்:
இரா. அருண்பாண்டியன், எம்.எஸ்சி. (உயிரித் தொழில்நுட்பம்),
பழைய வண்டிப்பேட்டைக் குறுக்குத் தெரு,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு பிரிவு அலுவலர் அவர்கள்,
எலி மற்றும் கொசு ஒழிப்புத் தனிப்பிரிவு,
கடலூர்.

பொருள்: "தங்களுக்குச் சொந்தமான எலிகளை ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்" என எனக்கு வந்த அறிவிப்பை ரத்து செய்யக் கோருதல் – எலிகளின் பூர்வீகம் மரபணுச் சோதனையில் தெரியவந்தது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்பு, நாள் 22.07.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் கொடுத்த ஏழு நாள் கெடு முடிந்து இன்றோடு பதினாறு வாரம் ஆகிறது. சோதனை செய்யாமல் பதில் எழுத எனக்குத் தெரியாது. தாமதத்துக்கு அதுவே காரணம்.

1. எனக்கு எலி கிடையாது. அண்ணாமலை நகரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இறால் குஞ்சுகளுக்கு நோய் உள்ளதா என்று டிஎன்ஏ சோதனை செய்வது என் வேலை. இறாலுக்கும் எலிக்கும் வால் உண்டு. அதற்குமேல் ஒற்றுமை இல்லை. தினமும் ரயிலில் போய்வருகிறேன். கையில் ஒரு சாப்பாட்டுப் பை இருக்கும். எங்கள் தெருவில் பெரிய எலிகள் பெருகியதும், அவை லேப் எலிகள் என்றும் அந்தப் பையில் வந்தவை என்றும் தெரு நலச் சங்கம் தங்களிடம் மனு கொடுத்தது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்து பையைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தயிர் சாதம் இருந்திருக்கும்.

2. மேற்படி சங்கத்தின் செயலாளருடைய மகள் வெண்மதிக்கும் எனக்கும் வருகிற தை மாதம் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அறிவிப்பு வந்த மறுநாள் செயலாளர் எங்கள் வாசலுக்கு வந்து, "தப்பா நெனைக்காத தம்பி. நோட்டீசு வாங்குன பையனுக்கு நான் எப்புடி பத்திரிகை அடிக்கறது? மொதல்ல அத கேன்சல் பண்ணிட்டு வா" என்றார். அதற்கு முதல்நாள் வரை 'மாப்ள' என்றவர் அன்று 'தம்பி' என்றார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நோட்டீசுக்குக் காரணமான மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான்.

இம்மனுவில் தன் தந்தையின் பெயர் வரக் கூடாது என்று வெண்மதி நிபந்தனை விதித்துள்ளார். ஆகவே அவரைச் செயலாளர் என்றே குறிப்பிடுகிறேன். சங்கத்துக்கு ஒரே ஒரு செயலாளர்தான் என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

3. இந்த எலிகள் பெருச்சாளிகள் அல்ல. கப்பலேறி உலகமெல்லாம் பரவிய பழுப்பு எலிகள். நம் மண்ணைச் சேர்ந்தவை அல்ல. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலியும் இதே இனம்தான். எனவே குற்றச்சாட்டை வெறும் வாயால் மறுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் எலியைக் கொல்ல மாட்டார்கள், பிள்ளையார் வாகனம். இது கப்பலில் வந்தது என்று எடுத்துச் சொன்னேன். "கப்பல்ல வந்தா என்னா? புள்ளையாரு ஏற மாட்டேன்னாரா?" என்று செயலாளர் கேட்டார்.

4. மொத்தம் 44 எலிகளின் வால் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் துணுக்கு எடுத்தேன். எங்கள் தெருவில் 17. கடலூர் துறைமுகத்துப் பக்கம் 8. அரிசி மூட்டையோடு வந்திருக்கலாம் என்று சிலர் சொன்னதால் சேத்தியாத்தோப்பில் ஓர் அரிசி ஆலையில் 6. நான் வேலை பார்க்கும் கூடத்துக்கு எதிரிலுள்ள மாணவர் லாட்ஜில் 9. நண்பர் ஒருவர் தந்த ஆய்வக வெள்ளை எலிகள் 4. செயலாளரே தன் கூண்டை நீட்டி, "நல்லா சோதிச்சுக்க. ஒன் லேப்பு எலிதான்னு அதுவே சொல்லும்" என்றார். எலியைப் பிடித்துக்கொண்டவர் வெண்மதி. நான் பிடித்தபோது இரண்டு முறை கடித்தது. அவர் பிடித்தபோது கடிக்கவில்லை. துணுக்கு எடுத்ததும் எலியைக் கூண்டோடு உரியவரிடமே கொடுத்துவிடுவேன். அதன்பின் அதை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

5. முடிவுகள்: எங்கள் தெரு எலிகளுக்கும் ஆய்வக எலிகளுக்கும் நெருங்கிய உறவு இல்லை. சேத்தியாத்தோப்பு எலிகளோடும் இல்லை. பல தலைமுறைக்கு முன் இவற்றின் முன்னோர் துறைமுகத்திலிருந்து வந்திருக்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் எங்கள் தெரு எலிகளும் அண்ணாமலை நகர் லாட்ஜ் எலிகளும் ஒரே குடும்பம். அம்மா அங்கே, பிள்ளை இங்கே. நடுவில் நாற்பது கிலோமீட்டருக்குமேல் தூரம், குறுக்கே வெள்ளாறு வேறு.

6. மாதிரி எண் 7 (எங்கள் தெரு, ஆகஸ்ட்), 23 (லாட்ஜ், செப்டம்பர்), 38 (மறுபடி எங்கள் தெரு, அக்டோபர்) ஆகிய மூன்றும் சோதித்த பன்னிரண்டு மரபணு இடங்களிலும் அப்படியே பொருந்தின. அதாவது மூன்று எலி அல்ல, ஒரே எலி. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், 23-க்கு நேராக "வால் குட்டை, பூனை கடித்திருக்கலாம்" என்றும், 38-க்கு நேராக "வால் மிகக் குட்டை, அதே பூனையோ?" என்றும் நானே எழுதியிருக்கிறேன். அந்தப் பூனை நான்தான்.

7. இதை வெண்மதியிடம் காட்டினேன். "அய்யய்யோ, அப்பா பிரதோஷத்துக்குக் கூண்டோடதான போவாரு" என்றார். விசாரித்ததில் தெரியவந்தது பின்வருமாறு. செயலாளர் மாதம் இருமுறை சிதம்பரத்துக்குப் பிரதோஷ தரிசனத்துக்குப் போகும்போது, கூண்டை ஒயர் கூடையில் வைத்துத் துண்டால் மூடி எடுத்துச் சென்று, அண்ணாமலை நகர் லாட்ஜின் பின்புறம் திறந்துவிடுகிறார். அங்கே மாணவர்கள் சோற்றை மிச்சம் வைப்பார்களாம். எலிக்குப் பசி தெரியாதாம். லாட்ஜ் மேலாளர் திரு. ராமாமிர்தம் மாதம் ஒருமுறை தன் தங்கையைப் பார்க்கத் திருப்பாதிரிப்புலியூர் வருகிறார். அவரும் எலியைக் கொல்லாதவர்; கூண்டோடுதான் வருகிறார். எங்கள் தெருமுனையில் திறந்துவிடுகிறார். இருவருக்கும் அறிமுகம் கிடையாது.

செயலாளரிடம் கேட்டபோது, "ஆறு தாண்டி வுட்டா எலி திரும்பி வராது. நான் வெள்ளாறு தாண்டிதான வுட்டேன்?" என்றார். ராமாமிர்தத்திடம் கேட்டபோது, "நானும் வெள்ளாறு தாண்டிதாங்க வுட்டேன்" என்றார். இருவர் சொல்வதும் உண்மை. "ஒரே எலின்னு எப்புடிச் சொல்ற? ரெட்டப் புள்ளையா இருக்கும்" என்று செயலாளர் மேலும் வாதிட்டார். வாலும் சேர்ந்து குட்டையான இரட்டையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தினசரி ரயிலில் நான் நின்றுகொண்டு போகிறேன். இந்த எலி மடியில் உட்கார்ந்து போகிறது. வெண்மதி அதற்கு 'சீசன் டிக்கெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

8. கடந்த சனிக்கிழமை செயலாளரின் கூண்டில் அதே எலி மீண்டும் விழுந்தது. வாலில் மிச்சம் அதிகமில்லை. செயலாளர் அதன் வாலைப் பார்த்துவிட்டு, "பாவம், ரொம்ப அலஞ்சிருச்சு" என்றார். பிறகு, "மாப்ள, ஆபீசுல எம்பேர மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். நான் மறுபடி மாப்ள ஆனேன். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நோட்டீசு விஷயம் தெரியும் என்பதால், அது ரத்தானதாகத் தங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் வேண்டுமாம். அது கிடைத்த மறுநாளே அச்சகத்துக்குப் போவதாக வாக்களித்திருக்கிறார்.

எனவே, பார்வையில் கண்ட அறிவிப்பை உடனே ரத்து செய்து எழுத்துமூலம் தெரிவிக்கவும்; எலி பிடிப்பவர்கள் அதை எந்த ஆற்றையும் தாண்டிக் கொண்டுபோய் விடக் கூடாது என்று இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஆட்டோவில் அறிவிப்புச் செய்யவும்; செயலாளருக்கு நோட்டீசு எதுவும் அனுப்புவதாக இருந்தால் அதைத் தாலி கட்டி முடித்த பிறகு அனுப்பவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தை பிறக்க எட்டு வாரம்தான் இருக்கிறது. அச்சகத்தில் இப்போதே கூட்டம்.

நாள்: 18.11.2024
இடம்: திருப்பாதிரிப்புலியூர்

தங்கள் உண்மையுள்ள,
இரா. அருண்பாண்டியன்

இணைப்பு:
1. தங்கள் அறிவிப்பின் நகல்.
2. மரபணுச் சோதனை அறிக்கை, 11 பக்கங்கள்.
3. நோட்டுப் புத்தகத்தில் பூனை பற்றிய பக்கங்களின் நகல்.
4. மேற்படி எலி – ஒன்று (உயிருடன், கூண்டுடன்). எலியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். கூண்டை மட்டும் 28ஆம் தேதி பிரதோஷத்துக்குள் திருப்பித் தரவும். அதன் அடியில் உரிமையாளரின் பெயர் பெயின்டில் எழுதியிருக்கிறது. தயவுசெய்து வாசிக்க வேண்டாம்.