மலையேறியவனும் ஒரு மைல் ஓட்டமும்

திருத்தணி
20-8-1957

சிரஞ்சீவி ஜெகநாதனுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. பூனாவில் உன் உடம்பும் பட்டாள வேலையும் குறைவில்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே மூவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நானும் உன் அம்மாவும் சுகம் என்பது வரைக்கும்தான் உண்மை. உன் தம்பி துரைக்கண்ணுவுக்கு வலது முழங்கால் வீங்கியிருக்கிறது.

சித்தூரில் போலீசுக்கு ஆள் எடுத்தபோது அவன் தவறிவிட்டான் என்று மட்டும் போன கடிதத்தில் எழுதினேன், எப்படித் தவறினான் என்று எழுத மனம் வரவில்லை. மார்பளவு எடுத்தவரே இவனை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தாராம், கயிறும் ஏறிவிட்டான். கடைசியில் ஒரு மைல் ஓட்டம், அதில் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் மகன் வேடியப்பன், மார்பளவில் மயிரிழையில் தப்பித்தவன், அலுங்காமல் ஓடி முடித்தான். வேலியோரம் நின்ற நம் ஊர்க்காரன் ஒருவன், "இன்னாபா துரை, ஒக்காந்துகினே? மைதானத்துல படி கட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டானாம். அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. ஆறு மாதம் தினமும் மணல் மூட்டையைத் தோளில் வைத்து மலைப்படி ஏறச் சொன்னவன் நான், மலை ஏறுகிறவனுக்குத் தரையில் ஓடுவது ஒரு பொருட்டா என்றும் சொன்னேன். இந்த ஊரில் யார்தான் அப்படி நினைக்கவில்லை. நீ அனுப்பிய தேகப்பயிற்சி ஸ்பிரிங்கை இழுத்து இழுத்து மார்பும் அகன்றது. கணக்குப் பரீட்சைக்குப் போகிறவனைப் பூகோளம் படிக்க வைத்து அனுப்பிய வாத்தியாராகிவிட்டேன், அவன் பூகோளத்தை நன்றாகவே படித்திருந்தான்.

இப்போது அவன் இரண்டையும் செய்கிறான். விடிகாலையில் மூட்டையோடு மலை, மாலையில் திருவாலங்காடு சாலையில் ஓட்டம். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து அம்மா அழுதாள். தை மாதம் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், அதோடு அவன் வயது வரம்பு முடிகிறது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நாகராஜனை அழைத்து வந்தேன். மூட்டையை மூலையில் போடு, வீக்கம் வடியும்வரை காலை நீட்டி உட்காரு, பிறகு ஏரிக்கரையில் ஒரு பர்லாங் ஓடு, ஒரு பர்லாங் நட, வாரத்துக்கு வாரம் நடையைக் குறை, கடைசி மாதம் கடிகாரம் வைத்து முழு மைல் ஓடு என்றார். இவனோ, "அண்ணன் பட்டாளத்துல கீறாரு, அவுரு எழுதட்டும், கேக்கறேன்" என்கிறான். அதையும் அம்மாவிடம்தான் சொல்கிறான், என்னிடம் பேசி ஒரு மாதமாகிறது.

ஆகவே மாஸ்டர் சொன்னதையே நீ எழுது, வேறு எந்தச் சாமானும் அனுப்பாதே. ஒன்றை மட்டும் உன்னால் எழுத முடியாது. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று இன்னும் அவனிடம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மசியில் திருத்தியே முப்பத்தொரு வருஷம் போயிற்று, என் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, இன்று மாலை அவன் ஓடப் புறப்படுமுன் வாசலில் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

நீ நீடூழி வாழ்க, அம்மாவின் ஆசியும் இதிலேயே. கடிதத்தை அவன் பெயருக்கே போடு, மறந்துவிடாதே.

உன் நைனா,
வீராசாமி