திருடனுக்கு அப்பாவின் முகம்

அண்ணே,

இன்று காலை புது மைப்புட்டி ஒன்றைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே, மாயவரத்தில் நீங்கள் உட்கார்ந்து படக்கதை வரைந்த அறை நினைவுக்கு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். என்ன செய்ய, இருந்தபோது நான் கேட்டதற்கு நீங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே.

முடிதிருத்தும் கடையில் கிடந்த உங்கள் படக்கதைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வரையப் பழகினேன். ஒரே இழுப்பில் தோளும் முதுகும் வந்துவிடும் உங்களுக்கு. கதாநாயகனுக்கு எடுப்பான மூக்கு, வெள்ளை முகம். கொள்ளைக்காரனுக்குச் சப்பை மூக்கு, தடித்த உதடு, இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் மை. எல்லாவற்றையும் அப்படியே என் கைக்குள் இறக்கிக்கொண்டேன். கொண்டுவந்து காட்டியபோது, "அடேய், என் கையே ஒனக்கு வந்துருச்சுடா" என்று கட்டிப்பிடித்தீர்கள். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகு எங்கள் ஊரில் அறுப்புக் கூலிச் சண்டை வந்தது. ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் மேடை போட்டுச் சமத்துவம் பேசிய காலம். மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் வயலுக்குப் போகும் பாதையை மறித்தார்கள். அங்கே வைக்கப் பெரிய தட்டி ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். பண்ணையில் வேலை பார்த்த அப்பாவையே அரிவாளோடு நிற்கவைத்து வரைந்தேன். எதிரே மிராசுதாரைப் போட்டேன்.

தட்டியை நட்டதும் மிராசுதாரே வந்து பார்த்தார். "பரவால்லியே, நம்மள ராசா மாதிரில்ல போட்டுருக்கான்" என்று சிரித்தார். அவர் ஆட்களும் சிரித்தார்கள். அப்பா தட்டிக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். "இது நானாடா? திருட்டுப்பய மாதிரில்ல இருக்கேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூலி ஒருவழியாக ஏறியது. ஆனால் தட்டியைப் பிரிக்கும்வரை அப்பா அந்தப் பக்கமே போகவில்லை.

தட்டி நட்ட மறுநாளே பஸ் ஏறி உங்களிடம் வந்திருந்தேன். "ஏண்ணே, ஒங்க கதையில வர்ற திருடன்லாம் எங்கப்பா மாதிரியே இருக்கான்?"

தூரிகையைக்கூடக் கீழே வைக்கவில்லை நீங்கள். "கறுப்பா அப்புனாத்தான்டா கெட்டவன்னு புள்ளைங்களுக்குப் புரியும். இதுல ஒங்கப்பாவ யாரு நெனச்சா?"

யாரும் நினைக்கவில்லை அண்ணே, அதுதானே என் வயிற்றெரிச்சல்! கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் நீங்கள். உங்கள் நிறமும் அப்பாவின் நிறமும் ஒன்றுதான். கண்ணாடி பார்த்துத் தலை சீவும்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

எத்தனையோ பத்திரிகைகளுக்கு வரைந்துவிட்டேன். கோடு அருமை என்று யாராவது சொன்னால், அது உங்கள் கோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓடும் கால், திரும்பும் கழுத்து எல்லாம் நீங்கள் கொடுத்தவை. முகங்களை மட்டும் முதலிலிருந்து நானாகக் கற்றேன். வரப்பிலும் களத்திலும் உட்கார்ந்து, மனிதர்களை நேரே பார்த்து வரைந்தேன். இப்போது யார் முகமானாலும் சரியாக வருகிறது.

அப்பா முகம் மட்டும் வரவில்லை. அவரும் போய் வெகுகாலம் ஆகிறது. அவரை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. கண்ணை மூடினால் தட்டியில் நின்ற அந்தத் திருடன்தான் வருகிறான். அப்பாவை எனக்கே காட்டாமல் மறைத்துக்கொண்டு நிற்கிறான், அண்ணே.