வைட் லென்ஸில் நான் மட்டும் பார்த்த படம்

பிஸ்கட் பேணியைத் திறந்ததும் வறுத்த அரிசி மணந்தது. வாவியின் ஈரக் காற்றுக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று நீதான் அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து கமராவோடு வைப்பாய். இந்த முடிச்சும் நீ போட்டதுதான். உள்ளே வண்டு வந்துவிட்டது, அவிழ்க்க மனம் வரவில்லை. அதன் பக்கத்தில் கிடக்கிறது, மூன்று வருடமாக நீ கேட்டு, கடைசி மாதத்தில் நான் வாங்கிய வைட் லென்ஸ்.

கந்தோரில் ஒரே மேசையில் கோப்பு தள்ளிய இரண்டு பெண்களுக்குப் பொதுவாக ஒரு பழைய பிலிம் கமரா. அதற்கு ஒரே ஒரு ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ். பிலிம் போடுவது உன் வேலை, எடுப்பது என் வேலை. மூடியை அடைத்து லீவரை இழுப்பாய். இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றினால்தான் உள்ளே பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். "சுத்துது கா, இந்தா" என்று என் கையில் தருவாய். அதன்பிறகு நான் ராணி. அந்தக் குமிழை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, நீ பார்த்துவிட்டாயே என்ற நினைப்பு.

பழுகாமத்து வட்டையில் நெல் முற்றிக் கிடந்த நாளில் முதன்முதலாகக் கேட்டாய். "வைட் ஒண்டு எடுப்பம் கா. இதில ஒண்டுமே முழுசா விழுதில்ல." நான் விறைப்பாகச் சொன்னேன்: "பின்னுக்குப் போனா எல்லாம் விழும்." நீ விடவில்லை. "பின்னுக்குப் போக இடமில்லாத இடத்தில என்ன செய்வாய்?" நான் சிரித்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அங்கே இடத்துக்கா பஞ்சம்.

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தேன், அதுதான் இப்போது என்னைத் தின்கிறது. வாகரையில் உங்கள் வீட்டைக் கடல் எடுத்தபோது ஆல்பங்களும் அப்பாவும் சேர்ந்துதான் போனார்கள். பிறகு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பழைய நெகட்டிவ் ஒன்று கிடைத்தது. அந்தக் குடும்பப் படத்தில் அப்பா ஓரத்தில் நிற்கிறார், பாதி முகமும் ஒரு தோளும்தான் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து உனக்கு இரண்டு பிடிவாதம். படம் என்றால் நெகட்டிவ் இருக்க வேண்டும், எல்லாரும் முழுதாக விழ வேண்டும்.

வயிற்றில் கட்டி என்று சொல்லி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் கட்டிய அந்தச் சின்ன அறையில் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாய். "அம்மா, மகள், நான். மூணு பேரும் ஒரு படத்தில. போன்ல வேணாம் கா." முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனேன். ஐம்பதில் இரண்டு பேருக்குமேல் விழவில்லை. நீ என்னைப் பார்த்தாய்.

அதன்பிறகு லென்ஸ் தேடினேன். எண் குறையக் குறைய அகலம் கூடும்; முப்பத்தைந்து காணாது, இருபத்திநான்கில் ஓரத்து முகங்கள் இழுபடும், இருபத்தெட்டு சரிவரலாம், ஆனால் அதில் எந்தக் கம்பனி? வைத்தியம் பார்ப்பதுபோல ஒரு மாதம் பார்த்தேன். நீ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தாய், நான் விளிம்பில் முகம் இழுபடுமா என்று வாசித்துக்கொண்டிருந்தேன். "அறைக்கு எது காணுமோ அத எடு புள்ள" என்று கடைசியில் சலித்துக்கொண்டாய். இருபத்தெட்டு, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பிலிம் போட்டேன். உன் விரல்களில் பலமில்லை. என் கவனமெல்லாம் புது லென்ஸில். கண்ணை வைத்துப் பார்த்தால், அடடா, எல்லாம் விழுந்தது. இடப்பக்கம் ஜன்னல், அதற்கு வெளியே பப்பாசி மரம். வலப்பக்கம் அம்மா, சாமி படம்போல நிமிர்ந்து. நடுவில் நீ, இரண்டு தலையணையில் சாய்ந்து. உன் முன்னால் மகள், அவள் தலையில் உன் கை. "விழுதா?" என்றாய். "விழுது கா, எல்லாம் விழுது" என்றேன். மூவரும் சிரித்தீர்கள். மூன்று தரம் அழுத்தினேன். ஒன்பது நாளில் நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு, முப்பத்தாறு படத்து ரோலை முடித்துக் கழுவக் கொடுப்போம் என்று வாவிக்கரையில் நின்று எடுத்தேன். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. லீவர் இன்னும் லேசாக வந்தது. குமிழைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. மூடியைத் திறந்தால் பிலிமின் நுனி நான் வைத்த இடத்திலேயே கிடக்கிறது, ஒரு அங்குலம்கூட ஓடாமல்.

"படம் வந்திட்டா புள்ள?" என்று உன் அம்மா கேட்கும்போதெல்லாம் கொழும்பில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். இரண்டு மாதத்துக்குமேல் முடியவில்லை. போய் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். "படம் இல்லம்மா. பிலிம் ஓடல்ல. என்ட பிழை." திட்டுவார் என்று இருந்தேன், திட்டவில்லை. "அப்ப அண்டைக்கு நாங்க சிரிச்சது?" என்றார். பிறகு அவரே, "நீ பாத்தாய்தானே. பாத்தத சொல்லு" என்றார்.

சொன்னேன். ஜன்னல், பப்பாசி, அம்மா, நீ. உன் மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள். "நான் உங்களத்தானே பாத்தன் அன்ரி, அம்மாவ பாக்கல்ல" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி வாகரைக்குப் போகிறேன். கதவடியிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "படத்த சொல்லுங்க" என்பாள். வேறு வேலை ஒன்றும் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை இப்போது.

போன ஞாயிறும் சொன்னேன். "அம்மாட வலது கை உன்ட தலையில." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முந்தி இடது கை எண்டு சொன்னீங்க."

ஒரு கிழமையாகத் தூக்கமில்லை. ஊசி ஏற்றின கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, அந்தக் கையா, மற்றதா? உன் அம்மாவைக் கேட்டேன். அவரும் லென்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். இன்று காலையிலிருந்து இருபத்தெட்டைக் கமராவில் பூட்டி, சுவரில் முதுகை வைத்து, என் வெறும் கட்டிலைப் பார்த்தபடி நிற்கிறேன். ஜன்னல் வருகிறது, மரம் வருகிறது, உன் சிரிப்பு வருகிறது. கை மட்டும் வரவில்லை. உன்னுடைய ஒரே படம் என்னிடம் இருக்கிறது, அதையும் நான் பழுதாக்கிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு ஞாயிறு. அவள் கேட்பாள். சொல்லு கா, எந்தக் கை?