கடைசிப் பகுதியில் அவர் பெயர்

மார்ச் 8, 2025 – சனி

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடும் நேரம். நான் வேலை பார்க்கும் கடையில் நிற்க இடமில்லை. கூட்டத்துக்கு நடுவே ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனச தேத்திக்கமா, நல்ல மனுசன்” என்றார்.

“யாரு?” என்றேன்.

“இல்ல... உங்க வீட்டுக்காரரு...”

“அவர காணோம். செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா? கண்ணாடி செவ்வாக்கிழம ரெடியாயிரும்.”

முதலாளி தவுக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

நவம்பரில், மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று போனவர். இரண்டு நாள் கழித்து மோட்டார் மட்டும் கோலா சிலாங்கூர் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது, சாவியோடு. தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் படகு விட்டுத் தேடினார்கள். ஒரு சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? போலீசுக்கு ஒரு அர்த்தம். அவரைப் பெற்ற அத்தைக்கு வேறு அர்த்தம். எனக்கு நாளுக்கு ஒன்று.

இன்று டிவியில் ‘லிஃப்ட் ரோசாக்’ தொடரின் புது சீசன் ஆரம்பம். பதினோராம் மாடியில் குடியிருக்கும் நம் ஆட்கள் குடும்பம், என்றைக்கும் ‘ரோசாக்’ ஆகிக் கெட்டுக் கிடக்கும் லிஃப்ட், கேலியான கார்ட்டூன். ஆட்களை மற்றவர்கள் வரைவார்கள். சுவர், கடை, தெரு, கொடிக்கயிறு எல்லாம் சரண், என் வீட்டுக்காரர். ஆறு வருஷமாக அதுதான் அவர் வேலை. ஷா ஆலாமில் இருக்கும் படக் கம்பெனிக்கும் எங்கள் ஊர் ஈஜோக்குக்கும் அலைந்தே முதுகு போனது.

பார்க்கக் கூடாது என்றிருந்தேன். அத்தை டிவியைப் போட்டுவிட்டார். இன்றைய கதை முழுக்கப் பழைய இரட்டை வேடப் படங்களைக் கிண்டல் அடித்தது. அண்ணனும் தம்பியும் மச்சத்தை மாற்றி ஒட்டிக்கொண்டு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் ஒரு கடைப் பலகை: ‘தங்கம்மா பீஹூன் கடை’.

கடைசியில் பெயர்கள் ஓடின. பின்னணி ஓவியம்: சரண். அத்தை கை கூப்பினார்.

“பாத்தியா கலா, வேல செய்யறான்லா.”

மார்ச் 9

ரவாங்கிலிருந்து விமலா என்று ஒரு பெண் முகநூலில் பக்கம் நடத்துகிறாள். ஒவ்வொரு பகுதியிலும் எந்தப் படத்தைக் கிண்டல் செய்தார்கள், எங்கே எதை ஒளித்து வைத்தார்கள் என்று வரிசை போட்டு எழுதுவாள். ‘கண்ணில் பட்டதா?’ என்று தலைப்பு. தங்கம்மா என்பது ஏதோ பழைய படத்துச் சமையல்காரி என்று எழுதியிருக்கிறாள்.

மண்ணாங்கட்டி. ஈஜோக் முச்சந்தியில் பீஹூன் சேமியா விற்கும் தங்கம்மாக்கா. சரணுக்கு மட்டும் மிளகாய்ச் சம்பல் இரண்டு கரண்டி விழும்.

எழுதிப் போடலாமா என்று கை போனது. போடவில்லை. அது எங்களுடையது.

மார்ச் 15 – சனி

இன்று பாட்டுப்போட்டி நிகழ்ச்சிகளைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். பாடகன் வாயைத் திறக்கும் முன்பே நடுவர் கைக்குட்டையை எடுக்கிறார். நானே சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தார்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. பத்தாம் மாடிக் கொடிக்கயிற்றில் ஒரு பச்சைக் கைலி. நடுவில் முக்கோணமாகக் கருகிய ஓட்டை.

என் கைலி! நான் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துச் சுட்டது.

எப்போது சுட்டது? தீபாவளி சமயம். பலகார வேலை நடந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அவர் தீபாவளிக்கு அப்புறம்தான் இதை வரைந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் என்றால் – அவர் போனதே அடுத்த வாரம்தானே. அதற்குள் எங்கே வரைந்தார்? முன்கூட்டியே வரைவார்கள் என்று தெரியும். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்டதே இல்லை. ‘பாதிய கடைசி நேரத்துலதான் மாத்துவோம்’ என்று அலுத்துக்கொள்வார், அது மட்டும் ஞாபகம்.

சாமி, நான் ஒன்றும் நினைக்கவில்லை. சும்மா கணக்குப் போட்டேன்.

மார்ச் 16

கருகிய ஓட்டை பேய்ப்படத்தில் வரும் முகமாம். விமலா அம்மையார் கண்டுபிடித்திருக்கிறார்.

மார்ச் 22 – சனி

நிதானமாக எழுதுகிறேன்.

இன்று துப்பறியும் தொடர்களைக் கிண்டல் செய்யும் கதை. கீழ்த்தளச் சுவரில் ஒரு சுவரொட்டி, பூனைப் படத்தோடு:

‘காணவில்லை. தானாகத்தான் போனது. நன்றாக இருக்கிறது. தேட வேண்டாம்.’

அத்தை எழுந்தே நின்றுவிட்டார். “எம்புள்ள! எம்புள்ள எழுதியிருக்கான்லா!” போனில் மறுபடி போட்டு, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தை அந்தப் பூனையைத் தடவினார். நான் தடவவில்லை. ஆனால் என்ன, நானும்தான் அழுதேன். நன்றாக இருக்கிறதாம். இருக்கட்டும். எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்து வரைந்துகொண்டு நன்றாகவே இருக்கட்டும். வந்ததும் கன்னத்தில் ஒன்று வைக்கிறேன்.

கம்பெனியில் கேட்டால் வேலைக்கு வரவில்லை என்றுதானே நவம்பரில் சொன்னார்கள்? மறைக்கிறார்கள். சேதுவுக்குத் தெரிந்திருக்கும். கதை எழுதும் பையன், இவர்மேல் உயிராக இருப்பான். மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறைக்கிறான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

மார்ச் 26

லீவு போட்டுவிட்டு கிள்ளான் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷா ஆலாம். சேது கீழே இறங்கி வந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனான். போனில் படத்தைக் காட்டி, “எங்க இருக்காரு, சொல்லு” என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், சண்டை போட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

“அண்ணி, இதெல்லாம் போன வருஷம் ஜூன்லயே வரைஞ்சு முடிச்சாச்சு. குரல், கலரு, டிவிக்காரங்க பாத்து ஓகே பண்றதுன்னு அதுக்கப்புறம் இழுத்துருச்சு. எட்டுப் பகுதியும் அப்பவே முடிஞ்சது.”

“அப்ப கைலி? தீபாவளிக்குத்தான் சுட்டேன்.”

“தெரியல அண்ணி.”

எனக்குத் தெரிந்தது. அது அதற்கு முந்தின தீபாவளி. இவருக்கு முறுக்கு மாவு பிசையத் தெரியாமல் தண்ணீரைக் கொட்டிய வருஷம். எனக்கு வேண்டிய வருஷத்துக்கு நானே அதை இழுத்து வந்திருக்கிறேன்.

“சரி, பூனை? தேட வேண்டாம்னு எழுதியிருக்காரே?”

சேது தலையைக் குனிந்துகொண்டான். “அந்த வசனம் நான் எழுதுனது அண்ணி. சும்மா சிரிப்புக்கு. சரண் அண்ணன் சுவத்துல எந்தப் பக்கம் ஒட்டணும்னு மட்டும்தான் கேட்டாரு.”

யாரோ ஒரு பையன் எழுதிய ஜோக்கைக் கும்பிட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ் எங்கெங்கே நின்றது என்று தெரியவில்லை. அத்தை வாசலிலேயே நின்றார். “என்னா சொன்னான்?”

“சேது ஊர்ல இல்ல அத்தை.”

மார்ச் 29 – சனி

பார்த்தோம். அத்தை சிரித்தார். நான் சுவரையும் தெருவையும் பார்க்காமல் கதையை மட்டும் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

ஏப்ரல் 3

மார்க்கெட்டில் மீன்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஆத்துல முதலை இருக்குலா, அப்பறம் எப்படி கெடைக்கும்” என்றார். நான் பின்னால் நிற்பது தெரியாது. வாங்கிய மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் இவரைத்தான் திட்டினேன். என்னய்யா குறை வெச்சேன் உனக்கு? வாய் இருந்தாத்தானே சொல்ல! சுவத்துல, பலகையில, கொடிக்கயித்துல எல்லாம் எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு எனக்கு ஒரு வரி எழுதத் தெரியலியா?

ஏப்ரல் 14

புத்தாண்டு. அத்தை மூன்று இலை போட்டார்.

ஏப்ரல் 17

சேது கூப்பிட்டான். அடுத்த வாரம் கடைசிப் பகுதி. இழுத்து இழுத்துப் பேசினான்.

“கடைசியில பேரு போடணும் அண்ணி. எப்பவும் மாதிரி போடவா, இல்ல... தனியா ஒரு கார்டு போட்டு, ‘நினைவாக’ன்னு... ஆபீஸ்ல எல்லாரும் செய்யணும்னு நெனைக்கிறாங்க. நீங்க சொல்றதுதான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டேன். போலீஸ் சொல்லவில்லை, கோர்ட் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டுமாம். அதுவும் டிவிக்கு.

ஏப்ரல் 19 – சனி

ஏழாம் பகுதி. அத்தை, “அடுத்த வாரம் முடியுதாம், அப்பறம் லீவு கெடைக்கும், வருவான்” என்றார். நான் தட்டு கழுவப் போனேன்.

ஏப்ரல் 20

சும்மா பெயர் மட்டும் போட்டால்? அத்தை இன்னொரு வருஷம் வாசலில் நிற்பார். அதற்கு அடுத்த வருஷமும். நானும் நிற்பேன், கணக்குப் போட்டுக்கொண்டு.

‘நினைவாக’ என்று போட்டால், நானே அவரைத் தண்ணீரில் தள்ளினது மாதிரி.

ஏப்ரல் 21

போடச் சொல்லிவிட்டேன்.

ஏன் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன், சேதுவிடம் சொல்லவில்லை. உயிரோடு இருந்தால் இதை எங்கிருந்தாவது பார்ப்பார். தன் படத்தைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. பார்த்தால் கோபம் வரட்டும். ‘ஏண்டி, என்னை உயிரோட சாகடிச்சிட்டியா’ என்று ஒரு வசவு, போனில், ஒரே ஒரு வசவு. அது போதும். திரும்பி வர வேண்டாம். யாரோடு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அத்தையிடம் சொல்லத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 26 – சனி

கதை முடிந்தது. பெயர்கள் ஓடவில்லை. திரை கறுத்து, அவர் வரைந்த கொடிக்கயிறு மட்டும் காலியாக வந்தது. கீழே: ‘எங்கள் சரணின் நினைவாக’.

அத்தை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை அந்த எழுத்து இருந்தது. கூப்பிய கை அப்படியே நின்றது.

“யாருகிட்ட கேட்டு போட்டாங்க?”

“என்கிட்ட அத்தை.”

“நீ போடச் சொன்னியா?”

“ஆமா.”

அத்தை என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. போன் என் மடியில் இருந்தது. அதுவும் அடிக்கவில்லை.

ஏப்ரல் 27

காலையில் ராசா ஊரிலிருந்து கங்கா வந்தாள், என் நாத்தனார். அத்தை பையோடு தயாராக நின்றார். காரில் ஏறும்போது, “எம்புள்ளய டிவில வெச்சு கொன்னுட்ட” என்றார். கங்கா, “அம்மா, பேசாம வா லா” என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விமலாவின் பக்கத்தில் புது வரிசை. முதல் பத்தில் எந்தெந்தப் படத்தின் கிண்டல் என்று இருக்கிறது. பதினொன்றாவது: ‘முடிவில் வரும் காலிக் கொடிக்கயிறு, மறைந்த ஓவியருக்கு அஞ்சலி.’ கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள். என் புருஷன் பதினொன்றாவது.

ஏப்ரல் 29

கண்ணாடிக் கம்பெனி விளம்பரக்காரன் ஒருத்தன் கூப்பிட்டான். அவன் ‘ஹலோ’ சொல்வதற்குள் நான் “எங்க இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். பாவம், ‘பூச்சோங்’ என்றான்.

மே 3 – சனி

தொடர் ஓடிய எட்டரை மணிக்கு டிவியைப் போட்டேன். சமையல் நிகழ்ச்சி ஓடியது. முழுவதையும் பார்த்தேன். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார். இன்றைக்கு அது எனக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகும் சோறு வடிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் அநியாயம்.

விமலா எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். கடையில் கண்ணாடி வாங்கிய யாரோ நான் யார் என்று சொல்லியிருக்கிறார்கள். ‘அக்கா, நான் எழுதியதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். ஆழ்ந்த இரங்கல்.’

யார் செத்தார் என்று கேட்கவில்லை. நன்றி என்று போட்டேன். தங்கம்மாக்காவைப் பற்றி எழுதினேன். கைலியைப் பற்றியும். பூனை சேதுவின் ஜோக் என்றும் எழுதினேன்.

மே 10 – சனி

சாயங்காலம் அத்தை ராசாவிலிருந்து கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. “சாப்டியா?” என்றும் கேட்கவில்லை.

“கங்கா பூசாரிகிட்ட பேசிட்டா. காரியம் செய்யலாமாம். ஒடம்பு இல்லாட்டியும் முறை இருக்காம். ஆனா வருஷா வருஷம் திதி குடுக்க ஒரு நாள் வேணுமாம்லா. எந்த நாளுன்னு கேக்கறாரு. நான் என்னாத்த சொல்ல? மோட்டார் கெடைச்ச நாள வெக்கறதா, அவன் வீட்ட விட்டு போன நாள வெக்கறதா? நீதான் பொஞ்சாதி, நீ சொல்லு.”

“போன நாளே இருக்கட்டும் அத்தை” என்றேன். “அன்னிக்குத்தான் கடைசியா நம்ம வீட்ல சாப்ட்டாரு.”