பெரிய வெள்ளிக்கு அணைத்த உலை

சாந்தோம்,
8.4.1996

அன்பு மகள் டெல்பினுக்கு,

மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீ இல்லாமல் ஈஸ்டர் பிரியாணி இறங்கவில்லை என்கிறாள் அம்மா. ஆனாலும் இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

உங்கள் கிரேன் கம்பெனிக்கு நம் பட்டறையிலிருந்து கொக்கியைத் தாங்கும் எஃகு பின்கள் புறப்பட்டுவிட்டன. லியோனார்டுக்கு இவ்வளவு பெரிய ஆர்டரா என்று கிண்டித் தொழிற்பேட்டையே கேட்கிறது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அரம் வழுக்குகிறது, அவ்வளவு கடினம். பெரிய வியாழன் பூசைக்கு உலையை அணைத்தேன். பெரிய வெள்ளி வழக்கம்போல் பட்டறையில் நெருப்பில்லை. சனிக்கிழமை லாரியில் ஏற்றிவிட்டேன். சோதனைக்கு உன் மேசைக்குத்தான் வருமாமே. அப்பா பேரைக் காப்பாற்று.

அன்புடன்,
லியோனார்ட்

ராஞ்சி,
22.4.1996

பிரியமுள்ள அப்பாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் அப்பாவின் பட்டறை என்று அதிகாரியிடம் முதலிலேயே சொன்னேன். அவரும் தனியாகப் பார்த்தார், அதே முடிவுதான்.

பின்னை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே ஊசி ஊசியாகத் தெரிகிறது. எண்ணெயில் முக்கியதும் எஃகு அப்படித்தான் இறுகும். கடினம் உண்டு, அடி தாங்காது. மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் அந்த இறுக்கம் தளர்ந்து வளைந்துகொடுக்கும். அந்த இரண்டாவது சூட்டை நீங்கள் கொடுக்கவில்லை, உலைதான் அணைந்திருந்ததே. சோதனையில் ஒரே அடியில் உடைந்துவிட்டது. கொக்கிக்கு அடியில் ஆட்கள் நிற்பார்கள், அப்பா.

என்னோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
டெல்பின்

சாந்தோம்,
6.5.1996

டெல்பினுக்கு,

பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். உன் கடிதத்தை அம்மா உரக்கப் படித்தாள். நான் பேப்பர் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பட்டறைக்குப் போய் மிச்சமிருந்த பின் ஒன்றைச் சம்மட்டியால் அடித்தேன். முறுக்குபோல் உடைந்தது. இன்னொன்றை நீ சொன்னபடி சூடாக்கி, ஆறவிட்டு அடித்தேன். வளைந்தது, உடையவில்லை.

ஆர்டர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஹார்பரில் கிரேனுக்கு அடியில் சரக்கு கட்டும் அப்துல் கய்யூம் டீக்கடையில் ஆர்டர் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். மறைக்காமல் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பெத்த அப்பன் சரக்கையே திருப்பி அனுப்பிச்சிட்டாளா நைனா? அவ பார்த்து வுட்ட கிரேன்னா, அடியில நான் பாயைப் போட்டுக்கினு படுப்பேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது மகளே. அன்றிலிருந்து கேட்காதவர்களிடமும் நானே போய்ச் சொல்கிறேன், என் சரக்கைத் திருப்பியது என் மகள்தான் என்று. போதும் நிறுத்துங்கள் என்கிறாள் அம்மா.

உன் அப்பா
லியோனார்ட்