படகு வராத சனிக்கிழமை

தீவு வீடு,
27 பெப்ரவரி 1911, திங்கட்கிழமை.

அன்புள்ள சாலோமிக்கு,

கலங்கரை விளக்கு எரிகிறது, நானும் நலம். நீயும் நம் தேவமணியும் அத்தையும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இதை உன் கையில் தருபவர் உன் அப்பா, என் மாமாவேதான். அவருக்கு முதலில் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு அப்புறம் படி. தோளெல்லாம் வலி என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். நான் சொல்லுகிறேன்.

போன புதன்கிழமைப் படகில் மாமா எதற்கு வந்தார் என்பது உனக்குத் தெரியும். முதல் பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் பெண்ணையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவது வழக்கம். ஐந்து மாதம் ஆயிற்று. அனுப்புவதில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லவே வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குடம் தாமிரபரணித் தண்ணீரும் மூடி முத்திரை வைத்துக் கொண்டுவந்தார். இங்குள்ளதைக் குடிக்கமாட்டாராம்.

இறங்கியதும் மணலில் நின்றபடியே தொடங்கிவிட்டார். "மாப்பிள்ளை, சுத்திச் சுத்திக் கடலு. அதுகூடப் போகட்டும். கோயில் மணிச் சத்தம் கேக்காத இடத்துல எம்பேத்தி வளரணுமா? ஞாயித்துக்கெழம எதுன்னு அந்தப் பிள்ளைக்கு எப்படிவே தெரியும்?" நாள்காட்டி இருக்கிறதே என்றேன். இருபது வருஷம் உபதேசியாராக இருந்தவரிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. முகம் சிவந்துபோயிற்று.

அப்போதுதான் நான் கட்டிய கேன்வாஸ் தோணி அவர் கண்ணில் பட்டது. நீ ஊருக்குப் போனபிறகு செய்தது. மூங்கிலை வளைத்துச் சட்டம் கட்டி, பழைய பாய்த்துணியை இழுத்துத் தைத்து, ஆளி எண்ணெயும் தாரும் பூசினேன். ஒரே ஆள்தான் உட்காரலாம். இரண்டு முனையிலும் பலகை வைத்த ஒரே துடுப்பு. பனி நாட்டார் தோலில் இப்படிச் செய்வதாக ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்தேன். மூன்று தடவை கவிழ்ந்தது. அடியில் கல் வைத்த பிறகு கவிழவில்லை. மாமா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சவப்பெட்டிக்கு மூடியாவது உண்டு" என்றார்.

வாதம் பண்ண எனக்குப் பொறுமை கிடையாது. "ஏறிப் பாரும்" என்றேன். ஆற்றிலேயே முழங்காலுக்கு மேல் இறங்காத மனுஷன். ஆனாலும் பீர் மைதீன் பார்த்துக்கொண்டு நின்றதால் மறுக்க முடியவில்லை. என்னோடு விளக்கில் வேலைபார்க்கும் பீர் மைதீனைத்தான் தெரியுமே, எதையும் சும்மா பார்க்கமாட்டான். "ஏறும் உபதேசியாரே, யோனா ஏறலியா?" என்றான். "யோனா ஏறினது கப்பலுல வே" என்று சொல்லிக்கொண்டே மாமா ஏறினார். இடுப்பளவு தண்ணீரில் நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூண்டில் கயிற்றை அவர் கால் பெருவிரலில் கட்டினேன், அப்போதுதான் கை துடுப்புக்கு ஒழியும். கால்மணி நேரத்தில் ஒரு விளமீன் விரலை வெடுக்கென்று இழுத்தது.

அன்றோடு உன் பேச்சே எடுக்கவில்லை. வியாழக்கிழமை விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பி, "மாப்பிள்ளை, அந்தப் பெட்டி சும்மாதான கெடக்கு?" என்றார். வெள்ளிக்கிழமை நான் கூடப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலமானால் பீர் மைதீன் பெண்சாதி ஆபிதா பீவி வைக்கிற மீன் குழம்பு, அவர்கள் சொல்லுகிற ஆணம். அவர்கள் பிள்ளைகள் இரண்டும் அவர் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கும். பீவி காய்ச்சிய தேயிலையில் இருப்பது இந்தத் தீவுத் தண்ணீர்தான் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காற்று பலமாக இருந்ததால் படகு வரவில்லை. இங்கேதான் சங்கதி. மாமாவின் கணக்கு இது: படகு வருவது சனிக்கிழமை. படகு வரவில்லை. ஆகவே இன்னும் வெள்ளிக்கிழமைதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள், ராத்திரியெல்லாம் விளக்கைப் பார்த்துவிட்டு நான் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறேன். காற்று தணிந்துவிட்டது. படகு வந்தால் உனக்குக் கொண்டுபோக ஒரு பால்சுறா வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைக்குப் பால் ஊறுமாம். தோணியைத் தானே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடினால், தோணி கரையோரமாகத் தானாகப் போகிறது. மாமா துடுப்பே போடவில்லை. சுறா முன்னே இழுத்துக்கொண்டு போகிறது, இவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறார். பீர் மைதீனும் நானும் இடுப்பளவில் இறங்கி வளைத்துப் பிடித்தோம். கை நீளத்துக்கும் பெரிய மீன். நல்ல பால்சுறா.

"எம்மவளுக்கு" என்று அதைத் தூக்கிக் காட்டினார்.

பீர் மைதீன் தலையைச் சொறிந்தான். "உபதேசியாரே, இன்னைக்கு நீரு மீன் புடிக்கலாமா?"

"ஏன், சனிக்கெழம சுறாவுக்கு லீவா?"

"ஞாயித்துக்கெழமைலா."

"சனிக்கெழம வே. படகு வரலலா."

"படகு வராட்டாக் கெழமை நிக்குமா? முந்தாநாளு வெள்ளிக்கெழமைன்னு நான் தொழுதுட்டு வந்து உம்மகூட ஆணம் சாப்பிடலியா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லத் தெரியாதவன். ஆமாம் என்றேன். சுறாவை மணலில் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஓய்வுநாளில் பிடித்தது, தின்னவும் ஆகாது; மகளுக்கென்று பிடித்தது, எறியவும் மனம் வராது. ஆபிதா பீவிதான் வந்து, "தெரியாமப் புடிச்ச மீனு திரும்பவா நீந்திப் போவும்? இங்கன தாங்க மாமா" என்று வாங்கிக்கொண்டு போனாள். பாதியைப் புட்டாகக் கிண்டினாள், மீதிக்கு உப்புப் போட்டாள்.

அன்று முழுக்க மாமா சுறாப்புட்டைத் தொடவில்லை. வேதப்புஸ்தகத்தை வைத்துக்கொண்டு ஜெபித்தார். இன்று காலையில் படகின் பாய் தெரிந்ததும், "நேத்தைக்குள்ளது மிச்சம் இருக்காம்மா?" என்று பீவியிடம் கேட்டு வாங்கி, சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அப்புறம் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பள்ளிக்கூடத்துல பழைய மணி ஒண்ணு சும்மா கெடக்கு. அத இங்கன தொங்கவிடணும். ஆனா நீரு மாட்டிருவீரு, அடிக்க ஆள் வேணும்லா? நீரு ராத்திரி முழிச்சிட்டுக் காலையில தூங்குதீரு. எனக்கே இங்கன கெழமை தவறிப்போச்சு. எம்மவ வந்தாத்தான் இந்தத் தீவுல ஞாயித்துக்கெழம வரும்."

உப்புப் போட்ட பாதிச் சுறா மாமா பையில் இருக்கிறது. எந்தக் கிழமை பிடித்தது என்று அத்தைக்குத் தெரியவேண்டாம். அந்தத் தாமிரபரணிக் குடத்தையும் திருப்பி அனுப்புகிறேன். முத்திரை வைத்தபடியே இருக்கிறது.

தொட்டிலுக்கு உத்திரத்தில் கொக்கி அடித்துவிட்டேன். நானே தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது. கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கம்பி வைத்தாயிற்று. கொசுவலை தைத்தாயிற்று. இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாமல் கை சும்மா இருக்கிறது, அதுதான் எனக்கு ஆகாத சங்கதி. தேவமணிக்குப் பல் வந்துவிட்டதா? நான் பார்க்காமல் வரக்கூடாது என்று அவளிடம் சொல்.

வருகிற சனிக்கிழமை தூத்துக்குடியில் படகில் ஏறு. இங்கே தீவுக் கரையில் நான் நிற்பேன். படகு தாமதமானாலும் திரும்பிப் போய்விடாதே. மணியை மாமா ரயிலில் ஏற்றிவிடுவார். கனமாக இருந்தால் பிற்பாடு வரட்டும். நீ முதலில் வா.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து என் கையில் சேர்ப்பாராக.

உன்
பாக்கியசீலன்